மூளைப் பசையும் என் தம்பியின் பஞ்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாரமலரின் மருத்துவப் பக்கத்தில் 'மனச்சிதைவுக்கு விடிவு: மூளைப் பசையே காரணம்' என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எங்கள் வீட்டில் பத்திரிகையை முதலில் வாசிப்பவன் என் தம்பி. மரண அறிவித்தல்களில் தொடங்குவான், பிறகு முன்பக்கம், பிறகு மிச்சம். அன்று மருத்துவப் பக்கத்தை மட்டும் நான்காக மடித்து என் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்துவிட்டு விறாந்தைக்குப் போய்விட்டான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் 34 வருடங்களாக மனச்சிதைவு நோயோடு வாழ்கிறான்.

நான் வைத்தியர் இல்லை. மருத்துவ மாணவர்கள் படிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் 31 வருடங்கள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இழையத்தை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மயிரிழையிலும் மெல்லிதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போடுவது என் வேலை. மெழுகு கிடைக்காத வருடங்களில் பழைய கட்டிகளை உருக்கி, துணியால் வடித்து, திரும்பவும் பாவித்திருக்கிறேன். மூளைத் துண்டுகளும் வரும். வழமையான ஊதாச் சாயத்தில் நரம்புக்கலம் பெரிதாக, பொட்டு வைத்த கண்போலத் தெரியும். அதைச் சுற்றிக் குரக்கன் சிந்தினதுபோலச் சின்னக் கரும்புள்ளிகள் இருக்கும். அது என்னவென்று மாணவர்கள் கேட்டால் "அது கிளியா. இடம் நிரப்புற சாமான். நீங்கள் நரம்புக்கலத்தைப் பாருங்கோ" என்று பதில் வரும். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

அந்தச் சாயம் கிளியாவின் கருவை மட்டும்தான் காட்டும், கிளைகளைக் காட்டாது. கிளைகளைப் பார்க்க வெள்ளிச் சாயம் வேண்டும். ஸ்பெயின்காரரான பியோ டெல் ரியோ ஓர்டேகா அந்த முறையைத் திருத்தி எடுத்து, 1919இல் மைக்ரோகிளியா என்ற தனி இனத்தைப் பிரித்துக் காட்டினார். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. நாட்டை விட்டுப் போய், 1945இல் புவெனஸ் அயர்ஸில் இறந்தார். இதை வாசித்த அன்று எனக்கு அவர்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. சாமான்களைக் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு நடந்தவர்களுக்கு அது தெரியும்.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். 'மூளைப் பசை' என்ற பெயர் 1856இல் ருடொல்ஃப் வீர்க்கோ என்ற ஜெர்மன் மருத்துவர் வைத்தது. கிளியா என்ற சொல்லுக்கே பசை என்றுதான் பொருள். பெயர் ஒட்டிக்கொண்டது, கருத்துத்தான் பிழையாகிப் போனது. இரண்டாவது, கிளியா கலங்கள் நரம்புக்கலங்களைவிடப் பத்து மடங்கு என்று எழுதியிருந்தீர்கள். அது பழைய பாடப்புத்தகக் கணக்கு. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ ஹூசெல் குழுவினர் மூளையைக் கரைசலாக்கிக் கருக்களை எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். நரம்புக்கலங்கள் ஏறக்குறைய 8,600 கோடி, மற்றவை எல்லாம் சேர்ந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒன்றுக்கு ஒன்று. இதெல்லாம் சின்னப் பிழைகள். இவற்றுக்காகப் பேனையை எடுத்திருக்க மாட்டேன். 'காரணம்', 'விடிவு' என்ற இரண்டு சொற்கள்தான் என்னை எழுத வைத்தன.

தம்பிக்கு 1991இல் தொடங்கியது. வயது 19, உயர்தரம், கணிதப் பிரிவு. மின்சாரம் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. ஒரு நாள் இரவு விளக்கை ஊதி அணைத்துவிட்டு, தான் மனதுக்குள் போடுகிற கணக்கை வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சத்தமாக வாசிக்கிறார்கள் என்றான். ஐயா டோர்ச்சை எடுத்துக்கொண்டு வேலியோரம் முழுக்க நடந்து பார்த்தார். ஒருவரும் இல்லை. "நீங்கள் வந்தபடியால் நிப்பாட்டிப்போட்டினம் ஐயா" என்றான் தம்பி. அவ்வளவு பணிவாகச் சொன்னான்.

அதற்குப் பிறகு எட்டு மாதங்கள் வீணாகின. சாத்திரி, நூல், கழிப்பு, செல்வச்சந்நிதி கோயிலில் இருத்தல். கிணற்றடியில் செய்வினைத் தகடு புதைத்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல, ஐயா கொத்திப் பார்த்தார். அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது, மாரிக்குத் தண்ணீர் நிற்கும். கடைசியில்தான் வைத்தியரிடம் போனோம். அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, இது பேயும் இல்லை, நீங்கள் பிள்ளையை வளர்த்த பிழையும் இல்லை. மூளையில ஒரு இரசாயனம் கூடிப்போச்சு." அன்று இரவு அம்மா புட்டும் சம்பலும் வயிறாறச் சாப்பிட்டா. நான் எழுதப் போவதை வாசித்துவிட்டு யாரும் அந்த 'இரசாயன' விளக்கத்தைக் கேலி செய்ய வேண்டாம். அது எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட விளக்கம்.

ஆனால் அது எப்படி வந்த விளக்கம் என்று தெரிந்திருப்பது நல்லது. லார்ஜக்டில் என்று நாங்கள் அறிந்த குளோர்ப்ரோமசினை 1952இல் பாரிசில் ஜான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரண்டு மனநல வைத்தியர்கள் நோயாளருக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று அன்று எவருக்கும் தெரியாது. டோபமின் மூளையின் ஒரு செய்திப்பொருள் என்று சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் காட்டியது 1950களின் பிற்பகுதியில்தான். இந்த மருந்துகள், நரம்புக்கலத்தில் டோபமின் வந்து சேரும் இடங்களான வாங்கிகளை அடைக்கின்றன என்பது உறுதியாக மேலும் பல வருடங்கள் எடுத்தன. மருந்து முன்னே வந்தது, விளக்கம் பின்னே வந்தது. வெள்ளம் புகுந்த வீட்டில் வாளியால் இறைத்தால் தண்ணீர் குறையும். அதற்காக வாளி இல்லாததால்தான் வெள்ளம் வந்தது என்று சொல்ல முடியுமா? டோபமின் கதை பொய் இல்லை. நோய் மூளும்போது மூளையின் ஒரு பகுதியில் டோபமின் கூடுதலாகச் சுரப்பதை ஸ்கான்களிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது பாதிக் கதை.

மற்றப் பாதி எங்கள் விறாந்தையில் இருக்கிறது. குளுசையும் பிறகு மாதாந்த ஊசியும் போட, ஒன்றரை வருடத்தில் குரல்கள் ஓய்ந்தன. கணக்குப் போடுகிற தம்பி மட்டும் வரவில்லை. குளி என்றால் குளிப்பான், சொல்லாவிட்டால் நாலு நாள் அதே சறம். சாப்பாட்டைக் கோப்பையில் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். சிரிப்பு இல்லை, அழுகை இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் அத்தனை சனமும் குழறி அழ, தம்பி மட்டும் தலையில் அரிசிப் பையோடு பேசாமல் நடந்தான். "இவன் புண்ணியம் செய்தவன், ஒன்றும் விளங்கேல்லை" என்று பக்கத்தில் வந்த ஒரு பெரியவர் சொன்னார். அவனுக்கு எல்லாம் விளங்கியது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள், அந்தப் பாலத்தில் கன்றோடு நின்ற ஒரு பசுவின் நிறத்தைக்கூட எனக்குச் சொன்னான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இந்த மௌனத்துக்கு ஊர் வைத்த பெயர் பஞ்சி, அதாவது சோம்பல். "விசர் மாறிவிட்டதுதானே, பிறகென்ன? பஞ்சி பிடிச்சவன். அக்காக்காரி செல்லம் கொடுத்துக் கெடுக்கிறா." வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் தொலைபேசியில் சொன்னதும் அதுதான். உண்மையைச் சொன்னால், நானும் சொல்லியிருக்கிறேன். ஐயா வைத்த முந்திரிகை, அதாவது திராட்சை, பந்தல் ஒன்று இருந்தது. நோய் வருமுன் கொடி வெட்டுவது தம்பியின் வேலை, அதில் அவன் சூரன். பிறகு பந்தல் காடு பற்றியது. கத்தியைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு நிற்பான். ஒரு நாள் நான் "உனக்கு வருத்தம் இல்லையடா, பஞ்சி" என்று கத்தினேன். அவன் கத்தியைக் கழுவி உறியில் வைத்துவிட்டுப் போனான்.

கிளியா பற்றிய ஆய்வுகள் எனக்கு முக்கியமானது இந்த இடத்தில்தான். பிள்ளைப் பருவத்தில் மூளையில் நரம்பிணைப்புகள் தேவைக்கு மேலே பெருகுகின்றன. பதின்ம வயதிலும் அதற்குப் பிறகும் அவற்றில் கணிசமான பங்கு வெட்டி விடப்படுகிறது. வெட்டும் ஆட்களில் முக்கியமானது மைக்ரோகிளியா. ஓர்டேகா வெள்ளிச் சாயத்தில் கண்ட அதே கலம். முந்திரிகை வைத்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டாத கொடி இலையாகப் போகும், காய்க்காது. கூட வெட்டினால் பட்டுவிடும். 2016இல் அமெரிக்காவின் பிராட் நிறுவனத்தையும் ஹார்வர்ட்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சுமார் 65,000 பேரின் மரபணுத் தரவுகளைப் பார்த்து, சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் உள்ளவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்புக் கூடுதல் என்று கண்டார்கள். சி4 புரதத்தின் பழைய வேலை, கிருமிகளில் 'இதைத் தின்னலாம்' என்று குறி வைப்பது. எலிகளின் மூளையில் அதே புரதம் நரம்பிணைப்புகளை வெட்டுவதற்கும் உதவுகிறது. குறி கூடினால் வெட்டும் கூடும் என்பது ஊகம். நோய் ஏன் 18, 20 வயதில் வருகிறது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதிலை நான் வாசித்ததில்லை. ஆனால் கவனியுங்கள், அந்த மரபணு வடிவம் உள்ள பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது, அவ்வளவுதான். 'காரணம்' என்று தலைப்புப் போட அது போதாது.

அடுத்தது அஸ்ட்ரோசைட், நட்சத்திரம்போலக் கிளை விரித்த கிளியா. குளூட்டமேட் என்பது மூளையில் மிக அதிகமாகப் புழங்கும் தூண்டுபொருள். நரம்புக்கலம் கொட்டியதை அள்ளித் துப்புரவாக்குவது அஸ்ட்ரோசைட்டின் வேலை. அதே கலம் கைனியூரெனிக் அமிலம் என்று ஒன்றையும் செய்கிறது. அது குளூட்டமேட் வந்து உட்காரும் ஒருவகை வாங்கியை அடைக்கும். மனச்சிதைவு நோயாளரின் மூளைத் தண்டுவட நீரில் இந்த அமிலம் கூடுதலாக இருப்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2001இல் கண்டார்கள். அந்த வாங்கியை அடைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஆஸ்பத்திரி மிஸ்ஸிமார் பலர் நேரில் கண்டிருக்கிறார்கள், அதற்கு இந்தப் பெயர்தான் தெரியாது. கெட்டமின் ஊசியால் மயக்கி அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் கண்விழிக்கும்போது கூரையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று உளறுவார்கள், அல்லது கூப்பிட்டால் வெறித்துப் பார்ப்பார்கள். கெட்டமின் அடைப்பதும் அதே வாங்கியைத்தான். டோபமினைக் கூட்டுகிற போதைமருந்துகள் சந்தேகத்தையும் குரலையும் தருவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். கெட்டமின் அவற்றோடு வாயடைத்து ஒதுங்கும் தன்மையையும் சில மணி நேரத்துக்குத் தந்துவிடுகிறது. அதாவது பஞ்சியையும் தருகிறது. நல்ல சுறுசுறுப்பான மனிதருக்கு ஊசியால் அரை நாள் பஞ்சியை ஏற்ற முடியுமென்றால், அது குணக்கேடு ஆகுமா?

மூன்றாவது வகை, நரம்பு இழைக்கு மயலின் உறை சுற்றுவது. வயர் மேல் உறைபோல. இதைப் பற்றிய ஓர் ஆய்வை உங்கள் கட்டுரை 'எலிகளுக்கு மனச்சிதைவு வந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நடந்தது இது. 2017இல் நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டரில், சிறுவயதிலேயே நோய் வந்தவர்களின் தோல் கலங்களிலிருந்து கிளியாவின் முற்கலங்களை உருவாக்கி எலிக்குஞ்சுகளின் மூளையில் வைத்தார்கள். அந்த எலிகளில் உறை குறைவாகச் சுற்றியது, நட்சத்திரக் கிளைகளும் சரியாக விரியவில்லை. எலிகள் பதறின, கூட்டத்தை விட்டு ஒதுங்கின, தூக்கம் கெட்டது. எலிக்குக் குரல் கேட்டதா என்று யார் போய்க் கேட்பது? ஒதுங்கியதைத்தான் பார்க்க முடியும். அதுவே எனக்குப் போதும்.

இப்போது 'விடிவு' என்ற சொல். இதில் நான் செய்த பிழையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கிளினிக்குக்குப் போவது பெரும்பாடு. அந்த நாட்களில் மைக்ரோகிளியா, மூளை அழற்சி என்று கைத்தொலைபேசியில் கண்டதெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் அழற்சியைத் தணிக்கும் என்று கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு வீடியோ அனுப்பினா. இறக்குமதித் தடையால் மஞ்சள் தங்கம் விற்ற விலை விற்ற வருடம் அது. கடலால் கடத்தி வந்து பிடிபட்ட மஞ்சள் மூட்டைகளின் படம் உங்கள் பத்திரிகையிலும் வந்தது. அந்த விலைக்கு வாங்கி, தினமும் இரண்டு கரண்டி பாலில் கலந்து கொடுத்தேன். கொடுத்தது மட்டும் என்றால் பரவாயில்லை. குளுசையைப் பாதியாகக் குறைத்தேன். கைவசம் இருப்பது கூட நாள் வரும் என்பது ஒரு சாட்டு. உண்மைக் காரணம், நரம்புக்கலத்தை மட்டும் பார்க்கிற பழைய வைத்தியத்தைவிட எனக்குக் கூடத் தெரியும் என்ற தலைக்கனம். 31 வருடம் மைக்ரோடோம் சுற்றியவளின் தலைக்கனம்.

ஆறாவது கிழமை தம்பி நித்திரையை விட்டான். ஏழாவது கிழமை வேலியோரம் போய் நின்று காது கொடுத்தான். 27 வருடங்களாக நிற்காத இடம். பிறகு, தேத்தண்ணிக்குள் நான் ஏதோ போடுகிறேன் என்று குடிக்க மறுத்தான். அதில் முழுப் பொய்யும் இல்லை, மஞ்சள் போட்டுக்கொண்டுதானே இருந்தேன்? அவனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஐந்து மாதங்கள் பிடித்தன. வைத்தியர் என்னைத் திட்டவில்லை. கொப்பியில் அளவைத் திருத்தி எழுதிவிட்டு, "அழற்சிக் கதை பிழை எண்டு நான் சொல்லேல்லை அக்கா. அதுக்கு மருந்து இன்னும் வரேல்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. மைக்ரோகிளியாவை அடக்கும் என்று எதிர்பார்த்த மினோசைக்கிளின் என்ற பழைய கிருமிக்கொல்லியைச் சோதித்தார்கள். பாகிஸ்தானிலும் பிரேசிலிலும் நடந்த ஒரு சோதனை 2012இல் நம்பிக்கை தந்தது, அதுவும் இந்தப் பஞ்சிப் பக்கத்தில். பிரித்தானியாவில் 207 நோயாளரை வைத்து ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2018இல் வந்தது. வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. உயிரோடு இருப்பவர்களின் மூளையில் மைக்ரோகிளியா கொந்தளிக்கிறதா என்று பார்த்த ஸ்கான்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. 2024 செப்டெம்பரில் அமெரிக்கா டோபமின் வாங்கியை நேராக அடைக்காத ஒரு புது மருந்துக்கு அனுமதி கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் அதுவும் கிளியாவுக்கான மருந்து இல்லை. 'இனி மாத்திரைகள் தேவைப்படாது' என்று உங்கள் கட்டுரையின் கடைசிப் பந்தியில் ஒரு வரி இருக்கிறதே, அதை எத்தனை வீடுகளில் எத்தனை அக்காமார் வாசித்திருப்பார்கள் என்று நினைக்க எனக்கு வயிறு கலங்குகிறது. தயவுசெய்து வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், குளுசையை வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று போடுங்கள். கிளியாவை விட்டாலும் பரவாயில்லை, இதை விடவேண்டாம்.

இடம் இருந்தால், குரல் ஓய்ந்த பிறகும் பேசாமல் இருக்கிறவர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். அதற்குக் குளுசை இன்னும் சரியாக இல்லை. ஆனால் ஒழுங்கான நேரத்துக்கு ஒரு சின்ன வேலை, கத்தாத வீடு, பேசாவிட்டாலும் பக்கத்தில் இருக்கிற ஒரு ஆள், இவை உதவுகின்றன என்பதை நான் கண்டேன். பத்திரிகையை எடுத்து வந்து முதலில் வாசிப்பது அப்படி வந்த வேலைதான். ஆறு வருடங்களுக்கு முன் கேற்றடியில் கிடந்த பத்திரிகையை நான் எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். பதினொரு நாள் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் அவன் எடுத்து வந்தான்.

இந்தக் கடிதத்தை அனுப்புமுன் அவனுக்கு வாசித்துக் காட்டினேன், அவன் கதை அல்லவா. பெயர் போட வேண்டாம் என்றான். வேறு ஏதும் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். விறாந்தைத் தூணைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தான். நான் எழும்பி உலை வைக்கப் போய்விட்டேன். அரிசி கொதிக்கிற நேரம் குசினி வாசலுக்கு வந்து, "முந்திரிகை கூட வெட்டினா பட்டுப்போகாது அக்கா. இரண்டு கண் விட்டு வெட்டினா, பிந்தியெண்டாலும் தளைக்கும். ஒரு கண்ணும் விடாட்டித்தான்" என்றான். மேலே நான் எழுதியதை மாற்றவில்லை. அவன் திருத்தியதையும் சேர்த்தே பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர்,
உரும்பிராய்.